விளையும் பயற்றில் வீட்டுக்கு ஒரு மூட்டை

காவிரிப் பாசனப் பகுதிகளில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, வயலின் ஈரம் மெழுகுப் பதத்தில் நிற்கையில், பச்சைப்பயறும் உளுந்தும் விதைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். உழவு இல்லை, பாசனம் இல்லை. பனி ஈரத்திலும் மண்ணில் எஞ்சிய ஈரத்திலும் வளர்ந்து, அறுபத்தைந்து எழுபது நாளில் வீடு வந்து சேருகிற பயிர் இது. நெல்லில் பட்ட கடனை அடைக்க இந்தப் பயறுதான் கை கொடுக்கிறது என்று விவசாயிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் இந்தப் பயறு வீட்டுக்குள் வருகிறதா? பெரும்பாலான சிறு விவசாயிகளின் வீட்டில் வருவதில்லை. களத்திலேயே வியாபாரி எடை போட்டு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறார். வைகாசி, ஆனி மாதங்களில் அதே வீட்டின் தாய்மார் மளிகைக் கடையில் கால் கிலோ பாசிப்பருப்பு வாங்க நிற்கிறார். விற்ற விலை ஒன்று, வாங்கும் விலை வேறொன்று. விலை ஏறியதும் கால் கிலோ நூறு கிராமாகிறது. பிறகு அதுவும் நின்று, சோற்றுக்குப் புளிக்குழம்பும் ரசமும் மட்டும் மிஞ்சுகின்றன. பயறு விளைவித்த வீட்டிலேயே பயறு இல்லாமற் போகும் இந்த நிலையை மாற்றுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் சாப்பாட்டில் எது குறைகிறது?

நம் மக்களின் உணவில் அரிசிக்குக் குறைவில்லை. நியாய விலைக் கடையிலும் அரிசி கிடைக்கிறது. குறைவது புரதம். நூறு கிராம் அரிசியில் 7 முதல் 8 கிராம் புரதமே உள்ளது. அதே எடைப் பச்சைப்பயற்றில் 22 முதல் 24 கிராம் வரை இருக்கிறது. அளவு மட்டுமல்ல, தரமும் பார்க்க வேண்டும். புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒன்று. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயற்றில் அது தாராளமாக உண்டு. பயற்றில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டு வெண்பொங்கல் வைத்த நம் பாட்டிமார் அமினோ அமிலம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் இன்று ஊட்டச்சத்து அறிஞர்கள் தானியத்துக்கும் பருப்புக்கும் சொல்லும் விகிதம் ஏறக்குறைய அதுதான்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவர் சுமார் 85 கிராம் பருப்பு, பயறு வகைகளைச் சாப்பிட வேண்டும். நம் வீடுகளில் சாம்பாரில் விழுவது எவ்வளவு என்று தாய்மார்களுக்கே தெரியும். ஐந்து பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, மீதியெல்லாம் தண்ணீரும் காயும்! அந்தச் சாம்பாரிலும் அடியில் தங்கும் பருப்பு வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது. கடைசியில் உட்காரும் பெண்ணுக்குக் கிடைப்பது மேலே நிற்கும் தெளிவுதான்.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை காணப்பட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இருந்தது. நடவு நட்டு, களை எடுத்து, பயறு பறிக்கும் கைகளே இரத்தம் குன்றிய கைகள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பச்சைப்பயறு மருந்து அன்று

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பச்சைப்பயறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லை. கணக்குப் பார்ப்போம். நூறு கிராம் பயற்றில் இரும்புச் சத்து 4 முதல் 5 மில்லிகிராம். ஒருவர் நாளுக்கு 30 கிராம் பயறு சாப்பிட்டால் கிடைப்பது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. பெண் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். ஆகவே பயறு சாப்பிடுகிறோம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் கர்ப்பிணிகள் நிறுத்திவிடக் கூடாது. கீரை, கேழ்வரகு, முட்டை, மீன் என்று மற்றவையும் வேண்டும். பயறு அவற்றோடு சேர்ந்து நிற்கும் ஒரு நல்ல துணை. புரதத்தைப் பொறுத்தவரை அது துணை மட்டும் அன்று, ஏழை வீட்டின் பிரதான ஆதாரம் அதுதான். அதே 30 கிராம் பயறு 7 கிராம் புரதம் தருகிறது. ஒரு முட்டையில் இருப்பதை விட இது சற்று அதிகம்.

பயற்றில் உள்ள இரும்புச் சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. பயற்றில் இயற்கையாக இருக்கும் பைட்டிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதை விடுவிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, ஊற வைத்து முளை கட்டுவது. முளை விடும்போது பைட்டிக் அமிலம் சிதைகிறது, காய்ந்த பயற்றில் இல்லாத வைட்டமின் சி புதிதாக உண்டாகிறது. மற்றொன்று, எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி, மாங்காய் போன்ற புளிப்புக் காய்கனிகளைச் சேர்த்துச் சாப்பிடுவது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்வி நிறுவனமும் தைவான் நாட்டிலுள்ள உலகக் காய்கறி மையமும் சேர்ந்து பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2003-ல் வெளியாயிற்று. இரும்புச் சத்து உடலில் எளிதாகச் சேரும் வகையில் பச்சைப்பயற்றைக் காய்கறிகளோடு பக்குவம் செய்து கொடுத்தபோது குழந்தைகளின் இரத்தச் சத்து உயர்ந்தது அதில் தெரிய வந்தது. விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவைப்படவில்லை, சமைக்கும் முறைதான் வேறு.

சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி அழிந்துவிடும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இரும்புச் சத்து சேர்வதைத் தேநீர் வெகுவாகத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். வயலில் வேலை செய்பவர்களுக்குக் காலை உணவும் தேநீரும் ஒன்றாகவே வரப்புக்கு வந்துவிடுகிறது. முதலில் தேநீர், பிறகு சற்று நேரம் வேலை, அதன்பின் உணவு என்று மாற்றிக்கொள்வது பெரிய சிரமம் அல்ல.

ஒரு மூட்டை என்ற கணக்கு

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு எவ்வளவு பயறு வேண்டும்? பருப்பு முழுவதையும் பச்சைப்பயறாகவே சாப்பிடச் சொல்லவில்லை. துவரை, உளுந்து, கடலை எல்லாம் இருக்கட்டும். 85 கிராமில் மூன்றில் ஒரு பங்கு, ஆளுக்குச் சுமார் 30 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, பச்சைப்பயறாக இருந்தால் நாளுக்கு 120 கிராம் ஆகிறது. மாதத்துக்கு 3 கிலோ 600 கிராம், ஆண்டுக்கு 44 கிலோ. ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

நெல் தரிசில் ஓரளவு நன்றாக அமைந்த பயறு ஏக்கருக்கு 150 முதல் 250 கிலோ வரை தருகிறது. 200 கிலோ என்று கொண்டால், 44 கிலோ என்பது 22 சென்ட் நிலத்தின் விளைச்சல். இறவையில் நன்கு பராமரித்தால் அதில் பாதி இடம் போதும். கரிசல் மானாவாரியில் பருத்தியோடும் சோளத்தோடும் ஊடுபயிராகப் பயறு விதைப்பவர்கள் நான்கு வரிசையை வீட்டுக்கென்று ஒதுக்கலாம்.

பணக் கணக்கும் பார்க்காமல் முடியாது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,768 ரூபாய். அந்த விலையில் 44 கிலோவின் மதிப்பு சுமார் 3,850 ரூபாய். அறுவடை நேரத்தில் இந்தப் பணத்தைக் கையில் வாங்காமல் விடுவது சிறு விவசாயிக்கு எளிதன்று என்பதை அறிவோம். உரக் கடைக்காரருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தவணை நிற்கிறது. அறுவடை இயந்திரக் கூலி நிற்கிறது. முழு மூட்டையும் ஒதுக்க முடியாதவர்கள் முதல் ஆண்டு அரை மூட்டை ஒதுக்கட்டும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். களத்தில் ஈரமும் தூசியுமாக விற்கும்போது வியாபாரி கழிவு பிடித்து விலை போடுகிறார். அந்தப் பயறே ஆலைக்குப் போய்ப் பருப்பாகி, பொட்டலமாகி நம் ஊர்க் கடைக்குத் திரும்பும்போது உடைத்த கூலி, ஏற்றிய கூலி, மூவர் நால்வரின் இலாபம் எல்லாம் அதன் தலையில் ஏறி வருகின்றன. உங்கள் ஊர்க் கடையின் இன்றைய பருப்பு விலையையும் நீங்கள் கடைசியாகப் பயறு விற்ற விலையையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அறுவடைக் கூலியைப் பயறாகவே அளக்கும் ஊர்களில், நிலமில்லாத தொழிலாளர் வீடுகளுக்கும் இது பொருந்தும். கூலிப் பயற்றை அன்று மாலையே கடையில் போட்டுவிடாமல் பாதியையாவது வைத்துக்கொள்ள முடிந்தால், அந்த வீட்டுக் குழந்தைக்குச் சில மாதங்களுக்குக் கஞ்சியில் பயறு உண்டு.

வீட்டு மூட்டை வயலிலேயே தொடங்குகிறது

ஆடுதுறை 3, கோ 8, வம்பன் இரகங்கள் என்று எது போட்டாலும் சாப்பாட்டுக்கு நல்லதே. நெல் தரிசுக்கு ஏக்கருக்கு 12 கிலோ விதை வேண்டும். பூக்கும் தருணத்திலும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊற வைத்து, தெளிவை வடித்து 200 லிட்டர் நீரில் கலந்து தெளிப்பது பலரும் அறிந்ததே. அறிந்தும் செய்யாமல் விடுவோர்தான் அதிகம். காய் திரட்சிக்கு இதைப் போல் செலவு குறைந்த வழி வேறில்லை. காய்ப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால், டப்பாவில் அச்சிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடியும் வரை பறிக்கலாகாது. விற்பதற்கும் இது பொருந்தும், வீட்டுக்கு வைப்பதற்கு இருமடங்கு பொருந்தும்.

எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. முதலில் முற்றிக் கறுத்த காய்களைக் கையால் பறித்து வீட்டு மூட்டைக்கு வைத்துக்கொள்வது நல்லது. மணி திரட்சியாக இருக்கும். வேறு காரணமும் உண்டு. பயறு வண்டு சேமிப்பு அறையில்தான் பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முற்றிய காய்மீது வயலிலேயே முட்டை இட்டு, மூட்டைக்குள் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. காய்ந்த காய் செடியில் எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனைக்கத்தனை முட்டையும் அதிகம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காயிலேயே முளைத்த, பூசணம் பிடித்த மணிகள் விழும். அவற்றைச் சாப்பாட்டுக்கு எடுக்கவே கூடாது.

தார்ச் சாலையில் பயற்றுச் செடியைப் பரப்பி வண்டிச் சக்கரம் ஏற்றி அடிப்பதை எங்கும் காண்கிறோம். வீட்டு மூட்டைக்கு மட்டுமாவது சாணம் மெழுகிய களமோ சிமெண்டுத் தளமோ தார்ப்பாயோ பயன்படுத்துங்கள். கல் பொறுக்கும் வேலை குறையும்.

வண்டு விழாமல் காப்பது

பயறு வைத்துச் சாப்பிட ஆசைப்பட்டும் வைக்காமல் விற்றுவிடுபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே, வண்டு விழுந்துவிடும் என்பது. காரணம் நியாயமானது. ஒரு பெண் வண்டு 80 முதல் 100 முட்டைகள் வரை இடக்கூடியது. வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். சித்திரையில் வைத்த மூட்டை ஆடியில் மாவாக உதிர்வது இதனால்தான். ஆயினும் தடுக்க முடியாத பூச்சி அன்று இது.

முதல் வேலை காய வைப்பது. ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கருவி வேண்டாம், பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். சாப்பாட்டுக்கு வைக்கும் பயற்றைக் கறுப்புப் பாலித்தீன் விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற தெளிந்த விரிப்பால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து, உச்சி வெயிலில் சில மணி நேரம் வைத்தால் உள்ளே சூடு ஏறி முட்டையும் புழுவும் மடியும். விதைக்கு வைக்கும் பயற்றுக்கு இதைச் செய்ய வேண்டாம், முளைப்பு கெடலாம். காய்ந்த பயற்றை நிழலில் ஆற விட்ட பிறகே மூட்டை கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து மறுபடியும் ஈரம் ஏறும்.

அடுத்து, பயற்றில் பாதியை உடைத்துப் பருப்பாக்கி விடலாம். வண்டு முழுப் பயற்றில்தான் விரும்பி முட்டையிடும், உடைத்த பருப்பில் அவ்வளவாகப் பெருகாது. நூறு கிலோ பயறு உடைத்தால் ஆலையில் 70 முதல் 75 கிலோ பருப்பு கிடைக்கும், திருகையில் சற்றுக் குறையும். தோலும் குருணையும் கறவை மாட்டுக்கு நல்ல தீவனம் என்பதால் நட்டம் இல்லை.

மீதியுள்ள முழுப் பயற்றுக்குக் கிலோவுக்கு 10 மில்லி வீதம் கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி இரு கைகளாலும் பிசறி வைக்கலாம். முட்டை மணியின் மேல் ஒட்டாது, ஒட்டினாலும் மூச்சு முட்டிச் சாகும். சமைக்கும்போது வெந்நீரில் கழுவினால் எண்ணெய் போய்விடும். மண்பானையிலோ தகர டின்னிலோ பயற்றைக் கொட்டி, மேலே மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குச் சலித்துக் காய வைத்த மணலைப் பரப்பி வைப்பது இன்னொரு முறை. வெளியிலிருந்து வண்டு உள்ளே போக முடியாது. உள்ளே பிறந்த ஒன்றிரண்டும் வெளியே வர முடியாது. காற்றுப் புகாத தடித்த பாலித்தீன் பைகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு. மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டு, அந்த மூட்டையைக் குடியிருக்கும் அறையிலேயே வைப்பது. அந்த மாத்திரையிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு வண்டை மட்டுமன்றி அதே அறையில் தூங்கும் குழந்தையையும் கொல்லும். பயிற்சி பெற்ற பணியாளர்கள் கிடங்கில் மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. எவர் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது.

அதேபோல் விதைக்கென்று மருந்து கலந்து நிறமேற்றிய பயறு மிஞ்சினால், கழுவிச் சாப்பிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். முளை கட்டினாலும் வேக வைத்தாலும் மருந்து போகாது. கோழிக்கும் மாட்டுக்கும் கூடப் போடக் கூடாது. விதை மூட்டையும் வீட்டு மூட்டையும் வேறு வேறு அறையில், வேறு வேறு நிறச் சாக்கில் இருக்கட்டும்.

அடுப்படியில்

பச்சைப்பயறு என்றாலே சுண்டல்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் நம் நாட்டில் இதற்குப் பக்குவம் ஒன்றிரண்டா? கொங்குப் பகுதியில் பச்சைப்பயறு கடைசல் சோற்றுக்கு முதல் குழம்பு. முஸ்லிம் மக்களின் நோன்புக் கஞ்சியில் அரிசியோடு பாசிப்பருப்பு வேகிறது. ஸ்ரீராம நவமிக்குப் பாசிப்பருப்பை ஊற வைத்து, மாங்காயும் தேங்காயும் சேர்த்து வடைப்பருப்பு வழங்குகிறார்கள். இரும்புச் சத்துக்கு மாங்காய் துணை என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்ளலாம். பக்கத்து ஆந்திரத்தில் ஊற வைத்த முழுப் பயற்றைத் தோலோடு அரைத்து, பச்சை மிளகாய், இஞ்சி சேர்த்துத் தோசையாக வார்த்துப் பெசரட்டு என்கிறார்கள். புளிக்க வைக்க வேண்டியதில்லை, இரவு ஊற வைத்துக் காலையில் வார்த்துவிடலாம். விடியற்காலையில் வயலுக்குப் போகும் வீடுகளுக்கு ஏற்ற பலகாரம் இது. முருங்கைக்கீரையோடு பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தால் பணம் கொடுத்து வாங்க வேண்டியது உப்பு மட்டுமே!

தோல் நீக்கிய பருப்பை விட முழுப் பயற்றில் நார்ச்சத்து அதிகம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அது நல்லது. சோறு போல் இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. ஆனால் வழக்கமான சோற்றை முழுதும் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் சுண்டலும் சாப்பிட்டால் பயனில்லை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பயறு வர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு பருப்பு சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயறு வாயு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பருப்பு வகைகளிலேயே எளிதில் செரிப்பது இது. நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பாசிப்பருப்புக் கஞ்சி கொடுத்தது சும்மா அன்று. வாயு உண்டாக்கும் சில சர்க்கரைப் பொருள்கள் பயற்றில் இருப்பது உண்மையே. எட்டு மணி நேரம் ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேக வைத்தால் அவை குறைந்துவிடும். முளை கட்டினால் இன்னும் குறையும். வேக வைத்த நீரைக் கொட்டக் கூடாது, ரசத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். புளியைப் பயறு வெந்த பிறகே சேர்க்க வேண்டும், முன்னால் சேர்த்தால் வேக நேரமாகும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடுவது தவறு, தயமின் என்ற பி1 வைட்டமினை அது அழித்துவிடும். ஊற வைத்த பின்னும் கல் போல் ஊறாமல் கிடக்கும் மணிகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பெரியவர்களின் பல்லுக்கு அவை ஆபத்து.

முளை கட்டுவது கடினமான வேலை அன்று. இரவு ஊற வைத்த பயற்றைக் காலையில் வடித்து, சுத்தமான ஈரத் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டால், கோடையில் அன்று மாலைக்குள் முளை எட்டிப் பார்க்கும். மார்கழிக் குளிரில் ஒரு நாள் ஆகலாம். முளை அரை விரற்கடை இருந்தால் போதும். பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவதை நான் ஏற்பதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் பயற்றை மட்டும் வளர்ப்பதில்லை, கிருமிகளையும் வளர்க்கின்றன. நம் கிராமங்களின் தண்ணீர் நிலையும் நாம் அறிந்ததே. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு முளைப்பயற்றை நன்றாக ஆவியில் வேக வைத்தே கொடுக்க வேண்டும். வைட்டமின் சி சற்றுக் குறையும், அதற்குத்தான் எலுமிச்சை இருக்கிறதே.

குழந்தைக்குக் கஞ்சி மாவு

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும். அப்போது கடை டப்பாவை நாடாமல் வீட்டிலேயே மாவு தயாரிக்கலாம். கேழ்வரகு இரண்டு பங்கு, பச்சைப்பயறு ஒரு பங்கு. இரண்டையும் தனித்தனியே ஊற வைத்து முளை கட்டி, நிழலில் நன்கு உலர்த்தி, இலேசாக வறுத்து, முளையைத் தேய்த்து நீக்கி அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். முளை கட்டிய மாவின் சிறப்பு என்னவென்றால், கஞ்சி காய்ச்சும்போது கெட்டிப்படாது. சாதாரண மாவில் இரண்டு கரண்டி போட்டாலே களியாகிவிடும், குழந்தை விழுங்காது, தாய் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வாள், சத்தும் நீர்த்துப் போகும். முளைமாவில் மூன்று நான்கு கரண்டி போட்டாலும் கஞ்சி இளகி நிற்கும். குழந்தையின் சிறு வயிற்றுக்குள் அதிகச் சத்து போகிறது. கஞ்சியை நன்றாகக் கொதிக்க விட்டு, ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்துக் கொடுக்கலாம். மாவை இருபது நாளுக்கு ஆகும் அளவே அரைப்பது நல்லது, அதிகம் அரைத்தால் சிக்கு வாடை வரும்.

மூன்று வயது ஆகாத குழந்தைக்கு முழுப் பயறு சுண்டலாகக் கொடுக்கக் கூடாது. மூச்சுக் குழலில் சிக்கிவிடும். மசித்துக் கொடுங்கள்.

மூட்டையைத் திறக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நாளுக்கு நாள் பெரிய பானையைத் திறந்து மூடினால் காற்றும் ஈரமும் போய், வண்டுக்கு வழி ஏற்படும். மாதத்துக்கு ஒரு முறை மூன்று கிலோ 600 கிராம் அளந்து சிறு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு, பானையை மறுபடி மணலிட்டு மூடிவிட வேண்டும். அளக்கும் அந்த நாளில் ஒரு கைப்பிடி பயற்றை வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். மணியின் மேல் கடுகை விடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைகள். அப்படிக் கண்டால் காத்திராமல் அடுத்த வெயில் நாளிலேயே பானை முழுவதையும் கொட்டிக் காய வைத்து, புதிதாக எண்ணெய் பிசறி வைக்கவும். வட்ட ஓட்டை விழுந்த மணிகள் கண்ணில் படத் தொடங்கினால் ஒரு தலைமுறை ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்று பொருள். அந்தப் பயற்றைப் புடைத்து, ஓட்டை மணிகளை மாட்டுக்கு ஒதுக்கி, நல்ல மணிகளை அந்த வாரத்திலேயே உடைத்துப் பருப்பாக்கிவிடுங்கள்.